பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய நகரம்

வாந்தி வராமல் இருக்க மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மாவிடமிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். வாந்தி மாத்திரை கேட்டால் யாருக்கு, என்ன வயது, பஸ்ஸா படகா என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பேன். மகளுக்கு என்றார் அந்த அம்மா. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். மலைப்பாதையில் அரை நாள் பஸ். இவளுக்குத் தெருமுனை திரும்பினாலே குமட்டுமாம்.

அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அப்படி ஒரு பயணம் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளாமல் மாத்திரையைக் கத்தரித்து உறையில் போட்டேன். அவர் விடுவதாக இல்லை. "உங்க பொண்ணு வரலையாமே, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார். லேசான காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். மருந்துக் கடையில் நின்றுகொண்டு இல்லாத காய்ச்சலைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எங்கள் மகளுக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். அவள் அப்பா வைத்தது. ஏன் அந்தப் பெயர் என்று சொல்ல வேண்டுமானால் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. இருபத்திரண்டு வயதில், ஒரு லாரிக்காரர் பின்னால் பார்க்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். அவ்வளவுதான் கதை. அதை விரித்துச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இப்போது இருப்பது செயற்கைக் கால். செயற்கைக் கால் செய்யும் பட்டறை வைத்திருக்கும் என் கணவர் செய்தது. காலுக்கு அளவெடுக்க வந்தவருக்கே கால்கட்டுப் போட்டுவிட்டேன் என்று என் அக்கா இன்னமும் யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பாள்.

குடும்பத்தோடு வெளியே போனால் மேனேஜர் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாள். படி உண்டா, கைப்பிடி உண்டா, லிஃப்ட் ஓடுகிறதா, கழிப்பறை எந்த மாடி, தரை வழுக்குமா. நாலு வயதில் ஆரம்பித்த பழக்கம். அப்போது பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள், நானும் பெருமையாக நின்றேன். பதினாலு வயதாகியும் அது விடவில்லை. அதைப் பற்றி யாரும் யோசிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பயணம் போகிறார்களாமே, ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று. அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது ஃபுல்லா கல்லுமா. மேடு பள்ளம். உன்னால வர முடியாது."

"என்னை யாரு கூப்பிட்டா? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களைத்தானே கூட்டிட்டுப் போறாங்க?"

"நீ பார்க்க முடியாத இடத்தை நான் மட்டும் போய்ப் பார்த்து என்ன பண்றது?"

சோறு வேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்கிற அதே குரலில் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. அழுதிருந்தால், முறைத்திருந்தால், நான் பதிலுக்கு இரண்டு கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். துருவித் துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சிநேகிதி ஒருத்தி வீடு நாலாவது மாடியில், லிஃப்ட் இல்லை, அதனால் அவள் பிறந்தநாளுக்குப் போகவில்லை. மலையேறும் குழுவில் ஆசிரியை கூப்பிட்டும் சேரவில்லை. நீச்சல் வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் சளி என்று நான் நினைத்திருந்தேன், சளி இல்லையாம். நான் போக முடியாத இடமெல்லாம் அவளுக்கும் இல்லை என்று தானாகவே ஒரு கணக்கு. என் காலுக்கு அளவெடுத்துத் தன் உலகத்தை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள் இந்தப் பெண். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, ஆனால் கோபம் மட்டும் கழுத்துவரை இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்கும் நாள் முடிந்துபோயிருந்தது. ஆசிரியைக்குப் போன் செய்தேன், பஸ்ஸில் ஒரு இடம்கூட இல்லை என்று வருத்தப்பட்டார். போனை வைத்த கையோடு முடிவு செய்தேன். நாங்கள் மூன்று பேரும் அந்த நகரத்துக்குப் போகிறோம். அதன் பெரிய தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நான் யார் கையையும் பிடிக்காமல் நடக்கிறேன். அவள் பார்க்கட்டும். அம்மாவால் போக முடியாத இடம் என்று ஒன்று இல்லை என்று தெரிந்துவிட்டால் அந்தக் கணக்கு அதோடு ஒழிந்தது. இதுதான் என் யோசனை. அப்போது அதில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

அக்காவுக்குத்தான் முதலில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இருக்கிற கட்டடத்தை எல்லாம் விட்டுவிட்டு இடிந்ததைப் பார்க்க எதற்குப் போக வேண்டும் என்றாள். கீழே விழுந்து இருக்கிற காலையும் ஒடித்துக்கொண்டு வந்தால் யார் பார்ப்பது என்றாள். நான் ஒற்றைக்காலில் நின்றேன். அந்தச் சொலவடைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள்?

கணவர் எதற்கும் உடனே வாயால் பதில் சொல்ல மாட்டார். என் காலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாக்கெட்டை, அதாவது மிச்சக் கால் உள்ளே போய் உட்காரும் கிண்ணத்தை, விரலால் தடவிப் பார்த்தார். பாதத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "இந்தப் பாதம் கடைக்கும் வீட்டுக்கும் சரி, கல்லுக்குச் சரிப்படாது" என்றார். அவர் பாஷையில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

இப்படித்தான் திட்டம் ஆரம்பித்தது. ஆளுக்கொரு வேலை. மேனேஜருக்கு நகரத்தைப் பற்றிப் படித்துச் சொல்கிற வேலை. விருப்பம் இல்லாமல்தான் தொடங்கினாள், ஆனால் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. ஆறு திசை மாறிப் போனதும் ஜனங்கள் விட்டுவிட்டுப் போன ஊர் அது என்றாள். சண்டை இல்லை, தீ இல்லை, தண்ணீர் போனது, இவர்களும் மூட்டையைக் கட்டினார்கள். கூரைகள் விழுந்துவிட்டன, சுவர்கள் இடுப்பளவுக்கும் நெஞ்சளவுக்கும் நிற்கின்றன. வாசலில் பெரிய கதவு இருந்த இடம், அதிலிருந்து நேராக ஒரு தெரு, தெருவின் கடைசியில் கல்லால் கட்டிய குளம். எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அவளுடைய வழக்கமான அறிக்கையையும் வாசித்தாள்.

"கைப்பிடி இல்ல. நிழல் கம்மி. லிஃப்ட் இல்ல."

"இடிஞ்சுபோன ஊர்ல லிஃப்ட் எப்படிடி இருக்கும்?"

"நல்லா இருந்தப்பவும் இல்லம்மா" என்றாள்.

கணவர் அந்த நகரத்தின் படங்களைப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். பட்டறைக்குப் பின்னால் ஒரு முற்றம் உண்டு. புதிதாகக் கால் போட்டுக்கொண்டவர்கள் நடந்து பழகுவதற்காக அதில் சாய்வுப் பலகை ஒன்றும், சின்னச் சின்னப் படிகளும், கொஞ்சம் ஜல்லித் தரையும் போட்டிருக்கிறார். அதெல்லாம் போதாது என்று எங்கேயோ வீடு இடித்தவர்களிடம் பேசி ஒரு வண்டி உடைந்த கல்லும் செங்கல்லும் வாங்கிக் கொட்டினார். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கல்லாக அடுக்கினார். ஒரு கல் ஆட வேண்டும், ஒன்று சாய்ந்திருக்க வேண்டும், இரண்டுக்கு நடுவில் குதிகால் சிக்கும் அளவுக்கு இடைவெளி வேண்டும். இந்த வயதில் ஒரு மனிதர், இரண்டு பக்கமும் அரைச் சுவர்கூட எழுப்பி, பட்டறைக்குப் பின்னால் ஒரு அழிந்த நகரத்தைக் கட்டி முடித்தார். பக்கத்து அச்சகத்துக்காரர் எட்டிப் பார்த்து, கட்டடம் எப்போது முடியும் என்று விசாரித்தார். கணவரோடு வேலை பார்க்கும் பாலிஷ் போடும் அண்ணன், "முடிஞ்சாச்சு சார், இதுக்கு மேல இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

கடை விட்டதும் நேராக அங்கே போய்விடுவேன். முதல் வாரங்களில் கல்லைப் பார்த்தாலே இடுப்பு இறுகியது. செயற்கைப் பாதத்துக்குத் தரை தெரியாது. கல் ஆடுகிறதா என்று அது சொல்லாது, மேலே சாக்கெட்டுக்குள் அழுத்தம் மாறும்போதுதான் எனக்கே தெரியும், அதற்குள் உடம்பு சாய்ந்திருக்கும். இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை முழங்கையில் தோல் போனது. மிச்சக் காலில் கொப்புளம் வந்து சில நாள் காலையே போடாமல் ஊன்றுகோலோடு கடைக்குப் போனேன். மேனேஜர் எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, "இது ஆடும், அடுத்தது பரவாயில்ல, இங்க பள்ளம்" என்று சொல்லிக்கொண்டு வருவாள். சொல்லாதே என்று திட்டினால் வாயை மூடிக்கொண்டு விரலால் காட்டுவாள்.

கணவர் புதுப் பாதம் ஒன்று வரவழைத்தார். கணுக்கால் பக்கம் கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும். அதற்கேற்ற, அடி தடித்த, நல்ல பிடிப்புள்ள ஒரு ஜோடி ஷூவும் வாங்கினார். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் கால் எந்தச் செருப்புப் போட்டாலும் தானே சரிசெய்துகொள்ளும். எங்களுடையது அப்படி இல்லை. ஷூவின் குதி எவ்வளவு உயரமோ அதற்கேற்றபடி கணுக்கால் திருகுகளை முறுக்கித்தான் காலை நேராக நிறுத்துவார்கள். குதி உயரம் மாறினால் கால் சாயும். அதனால் எங்கள் வீட்டில் நான் போடும் எல்லாச் செருப்புக்கும் ஒரே குதி உயரம். கடைக்குப் போவது, வீட்டுக்குள் போடுவது, குளியலறைக்கு வெளியே கிடப்பது, எல்லாவற்றின் அடியிலும் அவர் ரப்பர் ஒட்டிச் சமம் செய்து வைத்திருப்பார். புது ஷூ வந்ததும் அவற்றையும் ஒரே நாளில் அந்த உயரத்துக்கு மாற்றிவிட்டார். குதி உயரம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோகும் அளவுக்கு அவர் கெட்டிக்காரர்.

மெல்ல மெல்லக் கல் பழகியது. ஒரு நாள் அந்த முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தபோது பாலிஷ் அண்ணன் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார். கணவர் கைதட்டவில்லை, குனிந்து ஒரு திருகைச் சரிபார்த்தார். அன்று இரவு அவர் என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டார், அதிலிருந்து சந்தோஷம் தெரிந்துகொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டில் இரண்டு சண்டை. முதலாவது மேனேஜரோடு. அவள் அந்த இடத்து அலுவலகத்துக்குப் போன் செய்து எல்லாம் விசாரிக்கப் போவதாகச் சொன்னாள். வீல்சேர் இருக்கிறதா, உட்கார எத்தனை இடத்தில் பெஞ்சு, விதிமுறை என்ன என்று. எனக்குச் சுருக்கென்றது. எல்லாரும் போல வாசலில் போய் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைய வேண்டும், அதற்காகத்தானே இவ்வளவும். இந்த ஒரு தடவை யாருக்கும் போன் செய்யக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன். அவள் முகம் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவளுடைய முகம் போல ஆகிவிட்டது.

இரண்டாவது அவள் அப்பாவோடு. பெட்டியில் என் துணிக்கு அடியில் அவருடைய சாமான் பை இருந்தது. திருகு முறுக்கும் சாவிகள், பசை, ரப்பர் துண்டுகள், ஒரு சின்ன அரம். எடுத்து வெளியே வைத்தேன். அவர் உள்ளே வைத்தார். மறுபடி எடுத்து வைத்தேன்.

"ஒரு நாளாவது என் வீட்டுக்காரரா என்கூட வாங்க" என்றேன். "பட்டறைக்காரரா வர வேண்டாம்."

அவர் பையை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அந்த இடத்தில் இன்னொரு சட்டையை வைத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

பஸ்ஸில் ஏறிக் கிளம்பினோம். மலைப்பாதையில் யாருக்கும் வாந்தி வரவில்லை. அந்த ஊரில் ஒரு சின்ன விடுதியில் தங்கி, காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். டிக்கெட் கொடுத்தவர் என் காலைப் பார்க்கவே இல்லை, முழுக்கால்சட்டைக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது. எனக்கு அதுவே பாதி வெற்றி போல இருந்தது.

கதவு இருந்த இடத்தைத் தாண்டினால் முதலில் வெளி முற்றம். பட்டறையில் இருந்தது போலவே கல், இன்னும் கொஞ்சம் மோசம். நான் நடந்தேன். ஆடும் கல் ஆடியது, நான் ஆடவில்லை. ஒரு சரிவில் வயசான ஒரு தம்பதி கை கோத்துத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள், அவர்களைத் தாண்டிக்கொண்டு போனேன். தற்பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன். கணவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டியது அவிழ்ந்துவிடாமல் இருக்க ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். மேனேஜர் முன்னால். "இங்க மண்ணு. இங்க பார்த்து."

பெரிய தெரு தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தடுப்பும், ஒரு நீளப் பெஞ்சும், பக்கத்தில் அடுக்கடுக்காகத் தட்டுகளும் இருந்தன. தட்டுகளில் ஷூக்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, தடித்த துணியில் தைத்த தட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். காவலுக்கு நின்ற பெண்மணி விளக்கினார். தெருவில் பாதித் தூரத்துக்கு மேல் வண்ணக் கல் பதித்த பழைய தளம் வெளியே வந்திருக்கிறதாம். ஷூ அடிகள் அதைப் பெயர்த்துவிடுகின்றனவாம். போன வருஷத்திலிருந்து எல்லாருக்கும் இந்தச் செருப்புத்தான்.

நான் இன்னும் முழுசாகப் புரிந்துகொள்வதற்குள் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். இரத்தமே இல்லை. துணிச் செருப்புக்குக் குதி கிடையாது, காகிதம் மாதிரித் தட்டை. இத்தனை மாதம் கல்லைப் பற்றியே யோசித்த எங்கள் இரண்டு பேருக்கும், வேறு எந்த வீட்டில் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லாத இந்த விஷயம் தோன்றவே இல்லை. கழற்றச் சொல்லும் இடங்களுக்கு நான் போவதை எப்போதோ விட்டிருந்ததால், ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பது எங்கள் வீட்டில் யோசனையிலேயே இல்லாத ஒன்று. போன் செய்ய வேண்டாம் என்று சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனாலும் மாட்டிக்கொண்டு எழுந்து பார்த்தேன். குதி தரையில் இறங்கியது, முன்பாதம் மேலே தூக்கியது, கால் முழுசும் பின்னால் சாய்ந்து முழங்காலைப் பின்பக்கம் தள்ளியது. சமதரையில் நிற்கும்போதே செங்குத்தான மேட்டில் ஏறுவது போல இருந்தது. இரண்டு அடி வைத்தேன், மூன்றாவதில் கணவரின் தோளைப் பிடித்துவிட்டேன். காவல் பெண்மணிக்கு அப்போதுதான் புரிந்தது. ரொம்ப நல்ல மாதிரியாக, ரப்பர் சக்கரம் வைத்த வீல்சேர் ஒன்று உள்ளே போக அனுமதி உண்டு, தானே தள்ளிக்கொண்டு போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். சொன்ன தொனி சரியில்லை, பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

கணவரின் கை சட்டைப் பையைத் துழாவியது. அங்கே திருகுச் சாவி இல்லை, அது வீட்டு அலமாரியில் இருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, ஒரு பார்வைகூட இல்லை. செருப்புகள் வந்த அட்டைப் பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார், பெட்டி திறக்கும் கத்தியையும் ஒட்டும் டேப்பையும் கேட்டார். தரையில் உட்கார்ந்து அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று அடுக்க ஆரம்பித்தார். குதிக்கு அடியில் வைக்க ஒரு ஆப்பு. அவரால் முடியும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

மேனேஜர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். என் முழங்காலைத் தேய்த்துவிட்டாள்.

"பரவாயில்லம்மா. இங்கேருந்தே தெரியுது. ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடலாம்."

தெரு அவளுக்கு எதிரே நீளமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் வீடுகள், வாசற்கற்கள், எங்கேயோ தூரத்தில் குளத்தின் விளிம்பு. அவள் அதைப் பார்க்கவில்லை. என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தேன். காலையில் வாசலில் நுழைந்ததிலிருந்து அவள் எதையுமே பார்க்கவில்லை. என் பாதம் அடுத்து எங்கே விழும் என்பதை மட்டும்தான் பார்த்தாள். இவர் ஆப்பைச் செய்து முடிப்பார். நான் நடப்பேன். தெரு முழுக்க இவள் எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு என் காலைப் பார்த்துக்கொண்டே வருவாள். கடைசியில், அம்மாவால் வர முடிகிற இடங்கள் என்ற அவளுடைய கணக்கில் ஒன்று கூடும். அவ்வளவுதான். அந்தக் கணக்கு ஒழியாது. நான் போக முடியாத அடுத்த இடம் வரும்போது மறுபடி மேசையில் தலையைக் குனிந்துகொண்டு அதே குரலில் பதில் சொல்வாள். நான் மாதக்கணக்காக விழுந்து எழுந்து பழகியது எல்லாம் தப்பான பக்கத்திலிருந்து தொடங்கிய வேலை.

"நீ போய்ப் பார்த்துட்டு வா" என்றேன். "நான் வரலை."

"அப்பா செஞ்சுடுவாரும்மா. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"செய்யட்டும். நீ போ."

"நீ இல்லாம நான் எதுக்கு?"

"போகாதது என் கால். உன் காலுக்கு என்ன கேடு?"

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு பேச்சை அவள் என்னிடம் கேட்டதில்லை. காவல் பெண்மணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கணவரின் கத்தி நின்றது. மேனேஜருக்குக் கண் கலங்கி மூக்கு சிவந்தது. உனக்காகத்தான் நான் எங்கேயும் போகவில்லை என்றாள். தெரியும், நான் கேட்கவில்லை என்றேன். இன்னும் ஒரு வார்த்தை அவள் பேசியிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டு, சரி வா கிளம்பலாம் என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஷூவைப் பிடுங்கித் தட்டில் எறியாத குறையாக வைத்துவிட்டு, துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடென்று போனாள்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் கடையில் வாடிக்கையாளரைப் பார்க்கிற முகத்தை வைத்துக்கொண்டேன். மறுபடி போனாள், மறுபடி பார்த்தாள். ஒரு இடத்தில் சட்டென்று நின்று குனிந்தாள். தரையில் என்னவோ கிடந்திருக்கிறது. குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தாள். எழுந்தபோது திரும்ப மறந்துபோய், பக்கத்தில் இருந்த ஒரு வீட்டின் வாசலுக்குள் நுழைந்துவிட்டாள். அதன் பிறகு அந்தச் சுவர்களுக்கு நடுவே அவள் என் கண்ணில் படவில்லை.

"ஆச்சு" என்றார் கணவர். என் காலைத் தூக்கித் துணிச் செருப்புக்குள் ஆப்பை வைத்து, டேப் சுற்றி, மெல்லக் கீழே விட்டார். எழுந்து நின்றேன். நேராக நின்றது. வெறும் அட்டையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் செய்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. அந்தத் தெருவில் நடக்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டது சும்மா இல்லை, எனக்கும் அந்தக் குளத்தைப் பார்க்க வேண்டும். ஆனாலும் மறுபடி உட்கார்ந்தேன்.

"ஏன், அழுத்துதா?" என்றார்.

"இல்லை, நல்லா இருக்கு. அவ வரட்டும்."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஷூவை மாட்டிக்கொண்டு போனார்கள். அவர் இரண்டு தடவை, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். நான் இரண்டு தடவையும் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவரைவிட எனக்குத்தான் அதிகப் பதற்றம், அவருக்கு அது தெரியாது.

கடைசியில் வந்தாள். கால்சட்டை முழங்காலில் மண், நெற்றியில் வியர்வை. வந்த வேகத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரு வீட்டில் சமையல் செய்த இடம் அப்படியே இருக்கிறதாம், அரைக்கிற கல்லில் குழி விழுந்திருக்கிறதாம். எல்லா வீட்டு வாசற்கல்லும் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கிறதாம், ஒரு வீட்டில் மட்டும் தேயவே இல்லையாம், அங்கே யாருமே வந்து போக மாட்டார்களா என்று அப்பாவைக் கேட்டாள். சாக்கடை வளைந்து வளைந்து குளத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறதாம். அவள் என் காலைப் பார்க்கவில்லை. ஆப்பு வைத்தது, டேப் சுற்றியது, ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை.

"குளத்துக்குப் பின்னாடி இன்னொரு தெரு இருக்கும்மா. செங்குத்தா படி படியா இறங்குது. அங்க உன்னால வர முடியாது" என்றாள். "நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

நான் சரி என்று சொல்வதற்குக்கூட அவள் நிற்கவில்லை. இதைத்தான் கேட்டேன், கிடைத்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, யாரோ கையை விட்டுவிட்ட மாதிரி நெஞ்சு பதறவும் செய்தது. அவள் தெருவின் கடைசிவரை ஓடிக் குளத்தைச் சுற்றிக்கொண்டு, படி இறங்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய் மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.